தோட்டத்துச் சாளைக்குச் சிறு காற்றாலை
மின்கம்பி எட்டாத சாளைக்குச் சிறு காற்றாலை வாங்க எண்ணுவோர், முதலில் தம் தோட்டத்துக் காற்றைக் கவனியுங்கள். காற்றின் வேகம் பாதியானால் மின்சக்தி பாதியாகாது. எட்டில் ஒரு பங்காகிவிடும். 1 மீட்டர் விட்டமுள்ள காற்றாடி, வினாடிக்கு 5 மீட்டர் வேகக் காற்றில் சுமார் 15 வாட் தரும். சிறு எல்.இ.டி. விளக்கு இரண்டு எரியும். விற்பவர் என்ன சொன்னாலும் கிணற்று மோட்டார் ஓடாது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் உடுமலை, பல்லடம் பகுதியிலும் ஆடிக்காற்றின் வேகம் ஐப்பசியில் இராது. ஆகவே பேட்டரியுடன் ஒரு சூரிய மின்தகடும் சேர்த்து வையுங்கள்.

தென்னந்தோப்பின் நடுவே நட்டால் பணம் வீண். சுற்றிலும் 100 மீட்டருக்குள் உள்ள மரம், கட்டடத்தைவிட 10 மீட்டராவது உயரத்தில் காற்றாடி சுழல வேண்டும். அத்தனை உயரக் கம்பம் நட வசதியில்லையேல், மின்தகடு மட்டும் வாங்குங்கள்.