சொல்லில்லாப் பாட்டு



பெண்களின் சேர்ந்திசை பரிசளிப்பு விழாவுக்கு மட்டும் உரியது என்று நினைப்போர் உண்டு. அவர்களுக்கு நாங்கள் ஒரு வரலாறு சொல்கிறோம்.

1943இல், சுமாத்திராவின் பலெம்பாங்கில், யப்பானியரின் தடுப்பு முகாமில் டச்சுப் பெண்களும் ஆங்கிலப் பெண்களும் அடைபட்டிருந்தனர். பசி, காய்ச்சல். வாத்தியம் ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் பெண்கள் பாடசாலை அதிபராயிருந்த மார்கரெட் டிரைபர்க், வாத்திய இசையை நினைவிலிருந்து பெண்குரல்களுக்கு எழுதினார். நோரா சேம்பர்ஸ் நடத்தினார். வயலினின் பகுதியையும் குரலே பாடியது. சொல் கிடையாது, ஆகவே எந்த மொழியில் பாடுவது என்ற பிணக்கும் கிடையாது! டிசம்பர் 27இல் முதற் கச்சேரி. டுவோர்சாக்கின் சிம்பொனிப் பகுதியொன்றும் அதில் ஒலித்தது. 1945க்குள் பாடியவர்களில் அரைவாசிப் பேர் வரை இறந்தனர். ஏப்ரலில் டிரைபர்க்கும் மறைந்தார். பாட ஆளின்றி இசை நின்றது.

தாள்கள் தப்பின. கலிபோர்னியாவில் 1966இல் தொடங்கிய பெனின்சுலா மகளிர் சேர்ந்திசைக் குழு, 1980களில் அவற்றைப் பாடியது. முகாமில் பிழைத்தவர்கள் சபையிலிருந்து கேட்டார்கள். பாடியவர்கள் எங்களைப் போல வீடும் தொழிலும் உள்ள பெண்கள்தாம்.

எங்கள் குழுவிலும் கீழ்க்குரலுக்கு ஆள் போதாது. குரல் போய்விட்டது என்று சொல்லாமல் ஒத்திகைக்கு வாருங்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருபவர்களுக்கும் இடமுண்டு.