எரிவாயு அழுத்தச் சீராக்கி: அளவைத் தேர்வு செய்யும் முறை

(புதுதில்லி, சாணக்யபுரியில் அரசு அலுவலர்களிடையேயும் பொறியியல் மாணவர்களிடையேயும் நிகழ்த்திய உரை)

நாம் கூடியிருக்கும் இப்பகுதி சாணக்கியரின் பெயரைத் தாங்கியது. அவருடையதாகக் கருதப்படும் அர்த்தசாஸ்திரம் எடைக்கும் அளவைக்கும் ஒரு தனி அத்தியட்சகரை வகுத்துள்ளது. அளவைப் பிழை கருவூலத்தையும் குடிமக்களையும் ஒருங்கே பாதிக்கும் என்பது அன்றும் இன்றும் உண்மையாகும். பேச்சு வழக்கில் 'ரெகுலேட்டர்' எனப்படும் எரிவாயு அழுத்தச் சீராக்கிக்கும் இது பொருந்தும்.

1998இல் நிறுவப்பட்ட இந்திரப்பிரஸ்தா காஸ் நிறுவனம், தில்லி நகர எரிவாயு விநியோகத் திட்டத்தைக் கெயில் நிறுவனத்திடமிருந்து 1999இல் ஏற்றுக்கொண்டது. நகர விநியோகத்தில் எஃகுக் குழாய்களின் உயர் அழுத்தம் வட்டார நிலையத்தில் வழக்கமாக 4 பாருக்கும், கட்டடத்தின் அருகே 100 மில்லிபாருக்கும், சமையலறைக்கு முன் 21 மில்லிபாருக்கும் குறைக்கப்படுகிறது. இறுதி அழுத்தம் ஏறத்தாழ ஒரு சாண் உயர நீரின் அழுத்தமே ஆகும். இவ்வொவ்வொரு படியிலும் சீராக்கி உண்டு.

என் இளமைக் காலத்தில் ஒரு விடுதிச் சமையற்கூடத்திற்குச் சீராக்கி தேர்வு செய்யும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. குழாய் இரண்டு அங்குலம். ஆகவே இரண்டு அங்குலச் சீராக்கியை வாங்கப் பரிந்துரைத்தேன். பகலில் எல்லா அடுப்புகளும் எரிந்தபோது குறை தெரியவில்லை. இரவில் பால் காய்ச்ச ஓர் அடுப்பை மட்டும் ஏற்றியபோது சுடர் எழுந்தும் தாழ்ந்தும் துடித்தது. ஒரு நாள் அது அணைந்து, எரியாத வாயு அறையில் பரவியது. வாடையை உணர்ந்த சமையற்காரர் வால்வை மூடியதால் உயிர்கள் தப்பின. பிழை கருவியுடையதன்று, என் மதிப்பீட்டினுடையது. குழாயின் விட்டத்தைப் பார்த்தேனேயன்றி வாயுவின் தேவையைக் கணக்கிடவில்லை.

முதலில் அறிய வேண்டியது உச்சநேரத் தேவை. நாள் சராசரி இங்கு பயன்படாது. ஓர் உணவகம் நாளொன்றுக்கு 19 கிலோ சிலிண்டர்கள் இரண்டைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஒரு கிலோ சமையல் வாயு ஏறத்தாழ 1.2 கன மீட்டர் இயற்கை எரிவாயுவுக்கு ஈடாகும். எனவே நாள் தேவை சுமார் 46 கன மீட்டர். இதை 24ஆல் வகுத்தால் மணிக்கு 2 கன மீட்டரே வரும். ஆனால் அதில் பாதி, நண்பகலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் செலவாகுமாயின், தேவை மணிக்கு 11 கன மீட்டரைத் தாண்டிவிடும்.

வீடுகளின் நிலை வேறு. நூறு வீடுகளில் ஒவ்வோர் அடுப்பும் மணிக்கு அரை கன மீட்டர் கொண்டால் மொத்தம் 50 ஆகும். ஆயினும் எல்லா அடுப்புகளும் ஒரே வேளையில் முழுமையாக எரிவதில்லை. அவ்விகிதம் 0.4 எனக் கொண்டால் 20 போதும். ஆனால் தில்லியின் குளிர்கால விடியலில் எரிவாயு வெந்நீர்க் கலன்கள் இயங்குமிடத்தில் இக்கணக்கு செல்லாது. ஒரு கலன், ஓர் அடுப்பைவிட இரு மடங்குக்கும் மேல் வாயு கொள்ளக்கூடும். ஆகவே விகிதத்தைக் கையேட்டிலிருந்து மட்டும் எடுக்காமல், அந்தந்த இடத்தில் அளந்து பெறுதல் வேண்டும்.

இரண்டாவது, உள்வரும் அழுத்தத்தின் மிகக் குறைந்த அளவு. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்குக்கு மேலிருந்தால், சீராக்கி கடத்தும் வாயுவின் அளவு உள்வரும் முழு அழுத்தத்தைப் பொறுத்தே அமையும். வளி அழுத்தத்தையும் சேர்த்து 5 பாராக இருந்தது 2.5 பாராகக் குறைந்தால், கொள்திறனும் பாதியாகும். பட்டியலில் சாதாரண அழுத்தத்திற்குரிய எண்ணை நம்பி வாங்கினால், தேவை மிகும் வேளையிலேயே வாயு தட்டுப்படும்.

நூறு வீடுகளின் 20உடன் ஓர் உணவகத்தின் அடுப்புகளுக்கு 15 சேர்த்தால் மொத்தம் 35. இத்தேவை கொள்திறனில் முக்கால் பங்காக அமைய, மிகக் குறைந்த அழுத்தத்திலும் மணிக்கு ஏறத்தாழ 47 கன மீட்டர் கடத்தும் சீராக்கி பொருத்தமானது.

"பெரிதாக வாங்கினால் எதிர்காலத்திற்கும் உதவுமே" என்று சிலர் கேட்கலாம். அளவுக்கு மிஞ்சிய சீராக்கியின் வால்வு, தேவை குறைந்த வேளையில் மயிரிழை அளவே திறந்து, நிலைகொள்ளாமல் தடதடக்கும். அதன் இருக்கை விரைவில் தேயும். மேலும், சீராக்கி பழுதுற்று முழுதும் திறந்துவிட்டால், உள்வரும் அழுத்தத்தின் உச்ச நிலையில் பாயும் வாயு முழுவதையும் வெளியேற்றத்தக்கதாக விடுவிப்பு வால்வு இருத்தல் அவசியம். ஆகவே சீராக்கி பெருக்குந்தோறும் காவற்கருவியும் பெருக்க வேண்டும். வளர்ச்சி எதிர்பார்க்கப்படுமாயின், பின்னர் இணையான மற்றொரு தடத்தைச் சேர்ப்பதற்கு இடம் விட்டு வைப்பதே முறையாகும்.

மாணவ நண்பர்களே, பட்டியலைத் திறக்குமுன் சமையற்கூடத்திற்குச் சென்று அடுப்புகளை எண்ணுங்கள். அலுவலர்களே, கொள்முதல் கோப்பில் குழாயின் விட்டம் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் ஒப்பமிடாதீர்கள். உச்சத் தேவை, குறைந்தபட்சத் தேவை, உள்ளழுத்தத்தின் இரு எல்லைகள், வெளியழுத்தம் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். அவ்வைந்தும் என் கோப்பில் இருந்திருந்தால், ஒரு சமையற்காரரின் மூக்கை நம்பி அந்த விடுதி உறங்க நேர்ந்திராது.