இருபடிச் சமன்பாடு: வழிகள் பல, கருத்து ஒன்று

 

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கக் காரணிப்படுத்தல், வர்க்கப் பூர்த்தி, சூத்திரம் என மூன்று முறைகளைப் பத்தாம் வகுப்பில் கற்பிக்கிறோம். மாணவர்கள் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று பாடங்களாக மனப்பாடம் செய்கிறார்கள். மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றே என்பதுதான் இந்த அவையின் முன் நான் வைக்கும் கருத்து.

வரலாறு இதற்குச் சான்று தருகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ கி.மு. 1800-ஐச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால். பக்கம் எவ்வளவு என்பது அதன் முதல் கணக்கு. பக்கத்தின் கெழுவான ஒன்றைப் பாதியாக்கி, அந்த அரையை வர்க்கப்படுத்தி, கிடைத்த காலை முக்காலோடு சேர்த்தால் ஒன்று. அதன் வர்க்கமூலத்திலிருந்து அரையைக் கழித்தால் பக்கம் அரை.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி ஒரு கணக்கை எடுத்தார்: ஓர் எண்ணின் வர்க்கமும் அதன் 10 மடங்கும் சேர்ந்து 39. அவர் சதுரம் வரைந்து, இரு பக்கங்களில் 5 அகலமுள்ள செவ்வகங்களை ஒட்டினார். மூலையில் விடுபட்ட 25-ஐ நிரப்பியதும் 64 பரப்புள்ள முழுச் சதுரம் கிடைத்தது. பக்கம் 8, எண் 3. இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரோ பின்னமே வராதபடி, முதல் கெழுவின் 4 மடங்கால் இருபுறமும் பெருக்கி, நடுக் கெழுவின் வர்க்கத்தைக் கூட்டச் சொன்னார். அவருடைய இயற்கணித நூல் கிடைக்கவில்லை. இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய பீஜகணிதத்தில் எடுத்தாண்டதால் அந்த விதி பிழைத்தது.

பாபிலோனியரும் அல்-குவாரிஸ்மியும் ஏன் பாதியாக்கினார்கள்? மூலங்களின் கூடுதல் நமக்குத் தெரியும். அதன் பாதியிலிருந்து இரு மூலங்களும் சம தொலைவில் நிற்கின்றன. அல்-குவாரிஸ்மியின் கணக்கில் கூடுதல் −10, நடுப்புள்ளி −5, பெருக்கல் பலன் −39. நடுப்புள்ளியின் வர்க்கமான 25-இலிருந்து தொலைவின் வர்க்கத்தைக் கழித்தால் −39 வர வேண்டும். ஆகவே தொலைவு 8. மூலங்கள் 3, −13. காரணிப்படுத்தலில் நாம் ஊகித்துத் தேடும் இரண்டு எண்கள் இங்கே தேடாமலே கிடைக்கின்றன. இதையே பொதுக் கெழுக்களோடு செய்தால் சூத்திரம் பிறக்கிறது.

அடித்தளம் ஒன்றானாலும் ஒவ்வொரு முறைக்கும் தனிப் பயன் உண்டு. பத்தாயிரம் போன்ற பெரிய நடுக் கெழுவும் 1 என்ற மாறிலியும் வரும்போது, சூத்திரத்தை அப்படியே இட்டால் ஏறத்தாழச் சமமான இரு எண்களைக் கழிக்க நேரும். கணினியில் துல்லியம் குலையும். பெரிய மூலத்தை முதலில் கண்டு, பெருக்கல் பலனை அதனால் வகுத்தால் சிறிய மூலம் பழுதின்றி வரும்.

கிடைத்த விடையை எடைபோடவும் கற்பிக்க வேண்டும். குரங்குக் கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாட, மீதி 12 குன்றின்மேல் இருக்கின்றன என்ற பாஸ்கரரின் கணக்குக்கு 16, 48 இரண்டுமே விடை. ஐந்தில் ஒரு பங்கில் 3 குறைத்து வர்க்கப்படுத்தியவை குகைக்குள் போக, ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது என்ற கணக்கில் 50-ஐ ஏற்று 5-ஐ அவர் விலக்கினார். 5-இன் ஐந்தில் ஒரு பங்கு 1; அதிலிருந்து 3 குரங்குகளைக் குறைக்க முடியாதே!

சூத்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு: ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு, கெழுக்களின்மேல் நான்கு அடிப்படைச் செயல்களாலும் மூலக்குறிகளாலும் மட்டும் அமையும் பொதுச் சூத்திரம் கிடையாது என்று 1824-இல் கணித அறிஞர் ஆபெல் நிறுவினார். சூத்திரத்தை மட்டும் அறிந்தவரின் பாதை அங்கே முடிகிறது. மூலங்களின் சமச்சீரைப் புரிந்துகொண்டவருக்கோ கால்வாவின் கோட்பாடு வரை வழி திறந்திருக்கிறது.

ஆகவே இந்த அமர்வுகளில் இரண்டு முடிவுகளை எதிர்பார்க்கிறேன். சூத்திரத்துக்கு முன் சதுரப் படம் கரும்பலகைக்கு வரட்டும். ஒரே கணக்கை இரு வழிகளில் தீர்த்து, எது ஏன் பொருத்தம் என்று எழுதும் மாணவருக்குத் தேர்வில் மதிப்பெண் கிடைக்கட்டும். இவற்றுக்கான பாடத்திட்ட வரைவை அவை உருவாக்கித் தர வேண்டும் என்ற வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.