ரயில் ஓட்டிய வேலைப்பட்டியல்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவது இதுகாறும் அக்கலையில் தேர்ந்தோரின் தொழிலாகவே இருந்து வந்தது. 1990இல் இந்நகரில் டெக்னோபார்க் தோன்றியது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என்போன்றோர் அதன் வாயிலைப் பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி. இன்று நிலை வேறு. வேண்டியதைத் தமிழில் எழுதிக் கேட்டால், செயற்கை நுண்ணறிவுக் கருவி கட்டளைகளைத் தானே எழுதித் தருகிறது. கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம் 2024இல் ஏழாம் வகுப்புப் பாடநூலிலேயே இத்துறையைச் சேர்த்துவிட்டது. முகக்குறிப்பைக் கண்டு ஏழு வகை உணர்ச்சிகளைப் பிரித்தறியும் நிரலை மாணவர்கள் தாமே உருவாக்கிப் பார்க்கிறார்கள். ஆகவே, மலைத்து நிற்பவர் பிள்ளைகள் அல்லர், பெற்றோராகிய நாமே.

என் மகள் நான்காம் வகுப்பு மாணவி. காலை எழுந்தது முதல் அவளுக்கும் அவள் தாய்க்கும் நடக்கும் வழக்கு, நம் காலனியில் எல்லா வீட்டிலும் நடப்பதே. பல் துலக்கினாயா, பையை அடுக்கினாயா, பாட்டிக்குத் தண்ணீர் கொடுத்தாயா என்னும் இக்கேள்விகளை விளையாட்டாக்கும் செயலி ஒன்று செய்யலாமென்று கோடை விடுமுறையில் இருவரும் அமர்ந்தோம். விளையாட்டு அவள் வகுத்தது. திருவனந்தபுரம் சென்ட்ரலில் ஒரு வண்டி நிற்கிறது. ஒரு வேலை முடிந்தால் ஒரு நிலையம் நகரும். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் எனச் சென்று இரவு உறங்குமுன் நாகர்கோவில் சேரவேண்டும். கருவி அரைமணியில் செய்து கொடுத்தது. ஆனால், 2024இல் திருவனந்தபுரம் தெற்கு என்று பெயர் மாறிய நிலையத்தை நேமம் என்றே எழுதியிருந்தது. ரயில்வேக்காரன் வீட்டில் அது செல்லுமா? திருத்தினோம்.

அதனினும் பெரிய திருத்தம் மொழியில். “உங்கள் பணி வெற்றிகரமாக நிறைவு செய்யப்பட்டது” என்றது கருவி. எந்தத் தாய் தன் குழந்தையிடம் இப்படிப் பேசுவாள்? மகள் அதை அழிக்கச் சொல்லி, “சபாஷ்! வண்டி கிளம்பிடுச்சு!” என்று எழுதுவித்தாள். நம் பிள்ளைகளிற் பலர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் வீட்டில் வாய்ப்பேச்சாகவே நின்றுவிடுகிறது. எழுத்துக்கூட்டத் தயங்கிய என் மகள் இன்று நாள்தோறும் பத்துத் தமிழ் வரிகளைத் தன் தேவைக்காகப் படிக்கிறாள். கருவி விட்ட ஒற்றுப்பிழையைக்கூட ஒருநாள் பிடித்துவிட்டாள். செயலியால் வீடு ஒழுங்குபட்டதோ இல்லையோ, இந்த ஆதாயம் எனக்குப் போதும்.

நண்பர் ஒருவர், “ஒரு வேலைக்கு ஒரு ரூபாய் என்று வையுங்கள் சார், வண்டி பறக்கும்” என்றார். நான் இசையவில்லை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் அமெரிக்க உளவியலார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் தாமாகவே விருப்பங்கொண்ட மழலைப்பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், பரிசுப் பத்திரம் தருவதாக முன்கூட்டிச் சொல்லி வரையச் செய்தனர். சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த அக்குழந்தைகளே மற்றவர்களினும் குறைவாக அப்பேனாவைத் தொட்டனர். பாட்டிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூலி பேசலாமா? எங்கள் வண்டியில் நாணயமில்லை, முதற்பரிசில்லை. பாறசாலையிலேயே நின்றுபோன நாளில் தண்டனையுமில்லை. மறுநாட் காலை அது மீண்டும் சென்ட்ரலில் நிற்கும்.

குழந்தையின் பெயர், பிறந்தநாள், படம் எதனையும் கருவியிடம் கொடுக்கவில்லை. முடித்த வேலைகளின் குறிப்பும் எங்கள் கைப்பேசியிலேயே தங்குகிறது. 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமென 2023ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துள்ளது. ஒப்புதல் தருமுன் எதற்குத் தருகிறோம் என்று படித்துப் பார்க்கும் பெற்றோர் எத்தனை பேர் என்பதை நான் கேட்கப் போவதில்லை.

எங்கள் செயலியைக் கேட்டு அன்பர் சிலர் வந்தனர். தரவில்லை, கோபிக்க வேண்டா. என் மகளுக்கு ரயில். உங்கள் மகனுக்குப் படகாக இருக்கலாம். ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்க நூலகத்தில் இருப்பேன். கருவியைப் பெற்றோர் இயக்கட்டும். சொல்வது பிள்ளையாக இருக்கட்டும். வரும்போது, வேலைகளைத் தமிழில் எழுதிய தாள் ஒன்று கொண்டுவாருங்கள். அது பிள்ளையின் கையெழுத்தாக இருக்க வேண்டும்.