கொய்தலும் பிடுங்குதலும்: பாறைக்கரைப் பாசி குறித்து ஒரு சொல்லாய்வு



விருந்துகளில் வண்ணவண்ணமாக வைக்கப்படும் அகர் அகரை நாம் அனைவரும் அறிவோம். மலாய் மொழி தந்த அச்சொல்லை உலகின் ஆய்வுக்கூடங்களும் ஏற்றுக்கொண்டன. தமிழில் அந்த இனிப்பையும் 'கடற்பாசி' என்றே அழைக்கிறோம். பண்டத்துக்கும் அது பிறந்த உயிருக்கும் ஒரே பெயர். ஆயினும் அவ்வுயிர் பாறையிலிருந்து எவ்வாறு எடுக்கப்படுகிறது என்று நாம் கேட்பதில்லை.

கடற்பாசிக்கு வேர் கிடையாது. அடியில் உள்ள பற்றுறுப்பு பாறையைக் கவ்விப் பிடிக்கிறது. உணவும் நீரும் உடல் முழுவதாலும் உறிஞ்சப்படுகின்றன. நீர் வற்றும் வேளையில் பாசிப் போர்வை பாறையை ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் வைத்திருக்கிறது. நத்தையும் சிறு நண்டும் அதன் நிழலில் ஒதுங்குகின்றன. நீர் ஏறியதும் மீன்குஞ்சுகள் அதனிடையே மறைந்து இரை தேடுகின்றன. போர்வை நீங்கினால் பாறை வெயிலில் காய்கிறது. அங்கு வாழ்ந்தவை மடிகின்றன அல்லது இடம்பெயர்கின்றன. வெற்றிடத்தில் வேறோர் உயிர் குடியேறிவிட்டால், பழைய பாசி திரும்பப் பல்லாண்டுகள் ஆகலாம்.

இங்கேதான் வினைச்சொல் முதன்மை பெறுகிறது. பூவைக் கொய்கிறோம், செடி நிற்கிறது. நெல்லை அறுக்கிறோம், தாள் நிற்கிறது. நாற்றைப் பிடுங்குகிறோம், அவ்விடத்தில் எதுவும் நிற்பதில்லை. 'பாசி சேகரிப்பு' என்னும் அலுவலகத் தொடர் இம்மூன்றையும் ஒன்றாக்கி, கரைக்கு நேர்வதை மறைத்துவிடுகிறது.

தமிழகத்தின் மன்னார் வளைகுடாவைக் காண்போம். பாம்பன் சுற்றுவட்டாரப் பெண்கள், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுத்துவருகின்றனர். நாம் ஒரே சொல்லால் சுட்டுவதை அவர்கள் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி எனப் பிரித்தறிகின்றனர். முன்னிரண்டும் அகர் தருபவை. பின்னிரண்டும் ஆல்ஜினேட் தருபவை. 1986இல் அங்குள்ள 21 தீவுகளும் தேசியக் கடற்பூங்காவாயின. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது தடைக்குள் வந்தது. பரம்பரைத் தொழில் ஒரே நாளில் குற்றமாயிற்று. பின்னர் அப்பெண்களே உலோகச் சுரண்டியைக் கைவிட்டுக் கையால் எடுப்பது என்றும், மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்றும் தமக்குள் கட்டுப்பாடு வகுத்தனர். சுரண்டினால் பாறையோடு பற்றுறுப்பும் போகும். கையால் கொய்தால் அடி தங்கி மீண்டும் துளிர்க்கும். சட்டம் காணாத வேறுபாட்டை அவர்கள் தொழில் கண்டிருந்தது.

அவ்வாறாயின் கொய்தலே எங்கும் நன்று எனலாமா? அமெரிக்காவின் மேயின் மாநிலத்தில் பாறைப்பாசியை அறுப்போர் பற்றுறுப்புக்கு மேல் 16 அங்குலம் விட்டாக வேண்டும் என்பது விதி. சிலி நாட்டின் லெசோனியா என்னும் பெரும்பாசியோ வெட்டிய அடியிலிருந்து எளிதில் துளிர்ப்பதில்லை. எஞ்சிய அடிக்கட்டை இளம்பாசிக்கு இடமும் விடுவதில்லை. ஆகவே முதிர்ந்தவற்றை மட்டும் தேர்ந்து, இடைவெளி விட்டு, முழுமையாகப் பிடுங்குமாறு அங்கே அறிவுறுத்துகின்றனர். எந்த வினை தகும் என்பதை அந்தந்த உயிரின் வளர்ச்சி முறையே முடிவு செய்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுச்சூழல் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் 'எடுக்கிறார்கள்', 'அழிக்கிறார்கள்' என்னும் பொதுச்சொற்களோடு நின்றுவிடாதிருக்கட்டும். எதை, எப்பகுதியை, எவ்வாறு, எஞ்சுவது யாது என்று வினவச் செய்வோம். சரியான வினைச்சொல்லைத் தேடும் மாணவர், அந்தக் கரையையும் உற்றுநோக்க வேண்டியவராகிறார். அங்கே மூழ்கி எழும் பெண்ணைக் கண்டதும் குற்றம் சாட்டவும் அவர் விரையமாட்டார்.