ஊசி போட்டா பொண்ணு கெட்டுப் போயிடுவாளா?

கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸால் வருவது. அது உடலுறவில் பரவுது. அதனால்தான் ஊசியை அதற்கு முன்னாடி, சின்ன வயசிலேயே போடச் சொல்றாங்க. சண்டையும் அங்கேதான் தொடங்குது.

2007-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி, ஆறாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு இந்த ஊசி கட்டாயம் என்று உத்தரவு போட்டார். அவர் முற்போக்குவாதி இல்லீங்க, குடியரசுக் கட்சிக்காரர்! எதிர்த்தவங்களும் அவரை ஆதரித்த மதப் பழமைவாதிகளே. கல்யாணத்துக்கு முந்தைய உறவுக்கு இது பச்சைக்கொடி என்றார்கள். பெற்றோர் உரிமை போச்சு என்றார்கள். வேண்டாம் என்கிற பெற்றோர் விலகலாம்னு உத்தரவிலேயே இருந்தது! ஒன்று மட்டும் நியாயமான கேள்வி: ஆளுநரிடம் முன்பு வேலை பார்த்தவரே ஊசி கம்பெனிக்கு ஆள் பிடிக்கிற வேலை செய்தார். சில மாதங்களில் சட்டமன்றம் உத்தரவை முடக்கியது.

பயந்தது நடந்ததா? 2012-ல் சுமார் 1,400 அமெரிக்கச் சிறுமிகளின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தாங்க. ஊசி போட்டதால் பாலுறவு கூடியதற்கு அடையாளமே இல்லை. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024-ல் ஆய்வு வந்தது.

உங்க வீட்டில் ஒன்பது வயசு தாண்டின பொண்ணு இருக்கா? வாட்ஸ்அப்பை மூடிட்டு டாக்டர்கிட்ட கேளுங்க.