படத்தில் வேலை செய்கிற கை

(நமது தோட்டச் சமூக மண்டபத்தில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளியான தாய் ஒருவர் பேசிய பேச்சு. கூடியவரை அவர் பேசியபடியே தருகிறோம்.)



மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூடை சுமந்தவள் நான். நலன்புரி ஐயா வீட்டுக்கு வந்து, "சினிமா, டீவி பத்திக் கொஞ்ச நேரம் பேசுங்கம்மா" என்று கேட்டார். "நான் என்னங்கய்யா பேசுறது, நான் சும்மா பார்க்கிறவதானே" என்றேன். "சும்மா பார்க்கிறவங்க சொல்றதுதான் வேணும்" என்றார். அதனால் வந்து நிற்கிறேன். நான் சொல்வதில் யாருக்காவது மனவருத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முன் வரிசையில் இருக்கிற தாத்தாமாரில் பாதிப் பேர் எம்.ஜி.ஆர். ஆளுங்க என்று எனக்குத் தெரியும்.

படம் பார்க்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லோரும் நடிகருடைய முகத்தைப் பார்ப்பார்கள். நான் கையைப் பார்ப்பேன். படத்தில் அவர் விறகு வெட்டினாலும் சரி, மாவு பிசைந்தாலும் சரி, மூட்டை தூக்கினாலும் சரி, அந்த வேலை தெரிந்த கையா, தெரியாத கையா என்று பார்ப்பேன். மலையில் கங்காணிமார் நம்ம கையைத்தானே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது போல.

எங்கள் காலத்தில் படம் பார்க்கப் போவது லேசான காரியமில்லை. சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலையில் சமைத்து வைத்துவிட்டு, குறுக்குப் பாதையில் இறங்கி டவுனுக்கு நடப்போம். கேலரி டிக்கட். திரும்பி வர இருட்டிவிடும், அட்டைக்கடி வேறு. அப்படிப் போய்த்தான் எனக்குப் பதினேழு பதினெட்டு வயசில் ரெண்டு படம் பார்த்தேன். ஒன்று எம்.ஜி.ஆருடைய 'ரிக்‌ஷாக்காரன்', மற்றது சிவாஜியுடைய 'பாபு'. ரெண்டும் 1971இல் வந்த படம். ரெண்டிலும் கதாநாயகன் ரிக்‌ஷாத் தொழிலாளி.

எம்.ஜி.ஆர். 1917இல் நம்ம கண்டிச் சீமையில் பிறந்தவர். அதனால் அவர் மேல் நமக்கு ஒரு தனிப் பாசம். 1987 டிசம்பரில் அவர் இறந்தபோது எங்கள் லயத்தில் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்காத வீடும் இருந்தது. படத்தில் அவர் குடிக்க மாட்டார், சிகரட் பிடிக்க மாட்டார். அதைச் சொல்லியே எங்கள் அம்மா என் தம்பிமாரை வளர்த்தார். அதெல்லாம் சரி. 'ரிக்‌ஷாக்கார'னுக்கு அவருக்கு இந்திய அரசாங்கத்தின் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. ஆனால் அவர் ரிக்‌ஷா ஓட்டும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்ததே தவிர, கால் வலிக்கவில்லை. சட்டை கசங்கவில்லை. நாள் முழுக்க மிதித்த ஆள் மாதிரித் தெரியவில்லை. (தாத்தா, முறைக்காதீங்க! சண்டைக் காட்சிக்கு நானும் விசில் கேட்டுக் கைதட்டினவதான்.)

'பாபு'வில் சிவாஜி இழுப்பது கை ரிக்‌ஷா. அவர் இழுக்கும்போது என் தோள் வலித்தது. கூடைக் கயிறு தலையில் இழுக்கிற வலி தெரிந்தவர்களுக்கு அது விளங்கும். அந்தக் கதையில் அவர் தனக்குச் சொந்தமில்லாத ஒரு பெண் பிள்ளையை ரிக்‌ஷா இழுத்துப் படிக்க வைக்கிறார். படித்துப் பெரியவளான பிறகு, தன்னை வளர்த்தவர் ரிக்‌ஷாக்காரர் என்பதே அந்தப் பிள்ளைக்கு வெட்கமாக இருக்கிறது. கேலரியில் பக்கத்தில் இருந்த கிழவிகள் எல்லாம் அந்தப் பிள்ளையைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ரஜினி காலம் வந்தது. 'அண்ணாமலை' 1992இல் வந்தது. அதில் அவர் பால்காரர். பால்காரராக இருக்கும்போது நன்றாகத்தான் இருந்தார். ஆனால் ஒரு பாட்டு முடிகிறதற்குள் கோடீஸ்வரர் ஆகிவிட்டார். எங்கூட்டுக்காரர் பக்கத்தில் இருந்து, "அந்தப் பாட்டை நம்ம மலையிலயும் போட்டா என்ன?" என்று கேட்டார். லயமே சிரித்தது. அப்போது எங்கள் லயத்தில் கரண்ட் இல்லை. கறுப்பு வெள்ளை டீவி ஒன்றுதான், அதுவும் கார் பெட்டரியில் ஓடும். பெட்டரியைச் சார்ஜ் பண்ண டவுனுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போகவேண்டும். படம் பாதியில் திரை சுருங்கிச் சுருங்கி வந்து நின்றுவிடும். முடிவு தெரியாமலே நாங்கள் பார்த்த படங்கள் எத்தனையோ. அடுத்த நாள் நிரையில் நின்று ஆளுக்கு ஒரு முடிவு சொல்வோம். சில முடிவுகள் படத்தில் இருந்ததைவிட நன்றாக இருக்கும்.

வடிவேலுவைப் பற்றி ஒரு வார்த்தை. 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் பெயின்ட் அடிக்கிற வேலைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிற நேசமணியாக வருவார். பிள்ளைகள் சுத்தியல் தலையில் விழுகிறதற்குச் சிரிக்கிறார்கள். நான் வேறு ஒன்றுக்குச் சிரித்தேன். தனக்குக் கீழே நாலு பேர் கிடைத்ததும் ஒரு மனுஷனுடைய நடை எப்படி மாறுகிறது என்பதை அப்படியே காட்டியிருக்கிறார். பெரட்டுக் களத்தில் நின்று பழகினவர்களுக்கு அந்த நடையைத் தெரியும். யாரையும் குறித்துச் சொல்லவில்லை.

சரி, நம்ம தேயிலை எப்படிப் படத்தில் வருகிறது? பாட்டுக்குத்தான் வருகிறது. கதாநாயகி பட்டுச் சேலையோடு செடிக்கு நடுவில் ஓடுவார். செடி கிழிக்காது, அட்டை ஏறாது, சறுக்காது. கூடையைப் பூக்கூடை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஒரு இலையைக் கிள்ளுவார். ரெண்டு இலையும் ஒரு அரும்புமா என்று பார்க்கிறதில்லை, முத்தலையும் கிள்ளிப் போடுகிறார். அந்தக் கொழுந்தை மடுவத்துக்குக் கொண்டுபோனால் கணக்கப்பிள்ளை தராசில் வைக்கவே விடமாட்டார். பாட்டு நல்லாத்தான் இருக்கும், நானும் கேட்பேன். ஆனால் பின்னாலே படங்கு கட்டிக்கொண்டு நாலு பெண்கள் உண்மையாகப் பறித்துக்கொண்டு நிற்பார்கள். கெமரா அவர்கள் பக்கம் திரும்பாது. நான் அவர்களைத்தான் தேடுவேன்.

நம்ம நாட்டிலேயே நம்ம மக்களைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1963இலேயே 'தோட்டக்காரி' வந்தது. அதை நான் பார்க்கவில்லை, அப்போது நான் சின்னப் பிள்ளை. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வீ.பி. கணேசன் 'புதிய காற்று' என்று ஒரு படம் எடுத்தார். அதைப் பார்த்தேன். திரையில் நம்ம மலையும் நம்ம ஆட்களும் வந்தபோது தியேட்டரில் ஒரே சத்தம். "அந்தா, அந்தா!" என்று எழும்பி நின்று காட்டினார்கள். கதை முழுக்க இப்போது நினைவில் இல்லை. அந்தச் சத்தம் மட்டும் காதில் இருக்கிறது.

இனி நாடகம். டீவி நாடகத்தைப் பற்றிப் பேசாமல் போனால் அம்மாமார் என்னை விடமாட்டீர்கள். ராதிகாவுடைய 'சித்தி' 1999இல் ஆரம்பித்து 2001 வரை போனது. அதற்காக அந்தியில் வேகமாகக் கொழுந்து நிறுத்துவிட்டு ஓடி வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், நானும் ஒருத்தி. 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண் பிள்ளைகளைப் பெற்ற தகப்பனைப் பார்த்து எங்கூட்டுக்காரர் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன், தூசி விழுந்தது என்றார். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நாடகத்தில் அநேகம் பேர் வேலைக்குப் போவதில்லை. விடிந்ததில் இருந்து நகை போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் குழி வெட்டுகிறார்கள். சமையல் யார் செய்கிறார்கள், சம்பளம் எங்கே இருந்து வருகிறது என்று தெரியாது. அதில் 'கோலங்கள்' அபி கொஞ்சம் வித்தியாசம். தேவயானி நடித்தது. கட்டட வேலைத் தொழில் நடத்தி, குடும்பத்தையும் தாங்குகிற பெண். அதனால் அவளை எனக்குப் பிடித்தது. ஆனாலும் அத்தனை வருஷம் அழவைத்திருக்க வேண்டாம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் டீவி ஓடினால் பிள்ளை எங்கே இருந்து படிக்கும்? என் மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதின வருஷம் மூன்று மாதம் டீவியைச் சேலை போட்டு மூடி வைத்தேன். பக்கத்துக் காம்பராச் சத்தத்தை மூட முடியவில்லை. சுவர் மேலே திறப்புத்தானே. அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு கிழமை எடுத்தது. சொன்ன பிறகு அவர்கள் சத்தத்தைக் குறைத்தார்கள், நாடகத்தையும் விடவில்லை. வாய் அசைவை மட்டும் பார்த்துக் கதையைப் பிடித்துவிடுவோம் என்றார்கள். அது பெரிய உதவி.

இனிச் சொல்லப்போவதை என் மகனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அவன் பத்தொன்பது வயசில் கொழும்புக்கு ஒரு துணிக்கடை வேலைக்குப் போனான். ஒரு வருஷம் கழித்து, ஆஸ்பத்திரிக் காரியமாகக் கொழும்புக்குப் போன நான் அவனைப் பார்க்கக் கடைக்குப் போனேன். கூட வேலை செய்கிற பையன் ஒருவன், "யாருடா?" என்று கேட்டான். என் மகன், "ஊர்ல பக்கத்து வீட்டு அம்மா" என்று சொன்னான். நுவரெலியா டவுன் ஆள் என்று சொல்லித்தான் அவன் அங்கே இருந்திருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொண்டுபோன ரொட்டிப் பார்சலைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கோச்சியில் வரும்போது 'பாபு' படம்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளையைத் திட்டின வாயால் என் பிள்ளையைத் திட்ட முடியவில்லை. அவன் மேல் பிழை பாதி என்றால், தோட்டத்து ஆள் என்றதும் ஒரு மாதிரிப் பார்க்கிற கண்கள் மேல் பாதி. எங்கூட்டுக்காரரிடம் அதைச் சொல்லவே இல்லை. அவர் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

பிறகு 2013இல் பாலா எடுத்த 'பரதேசி' வந்தது. அதர்வா நடித்தது. இந்தியாவில் வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டத்துக் கதை. அங்கே தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டேனியல் என்ற டாக்டர் எழுதின நாவலைத் தழுவி எடுத்தது. ஊரில் இருந்து ஆள்கட்டிக் கூட்டிக்கொண்டு போகிறதும், வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டுப் போகிறதும், தப்பி ஓடினவனுடைய கால் நரம்பை வெட்டுகிறதும் பார்க்க முடியாது. எங்கள் பாட்டி, அவருடைய பாட்டி மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து வந்ததைச் சொல்லும்போது இப்படித்தான் நடுவில் நிறுத்திவிடுவார்.

அந்தப் படம் டீவியில் போட்ட அன்றைக்கு மகன் லீவில் வந்திருந்தான். அவனுடைய பொஞ்சாதி, பிள்ளையும் இருந்தார்கள். கொழுந்து பறிக்கிற இடம் வந்தது. எல்லோரும் பேசாமல் இருந்தோம். திடீரென்று அவன், "இவ்வளவு மெதுவாப் பறிச்சா அரைப் பேர்தாம்மா போடுவாங்க" என்றான். மருமகள் கொழும்புப் பிள்ளை, அவளுக்கு விளங்கவில்லை. "அரைப் பேருன்னா என்ன?" என்று கேட்டாள். அவன் டீவியைப் பார்த்துக்கொண்டே விளக்கிச் சொன்னான். எத்தனை கிலோ பறித்தால் முழுப் பேர், மழை நாளில் என்ன நடக்கும், அம்மா எத்தனை மணிக்கு எழும்புவாங்க என்று எல்லாம் சொன்னான். முதல் நிரையில் கை வைக்கும்போது "பொலி, பொலி" என்று சொல்வோமே, அதையும் சொன்னான். படம் அது பாட்டுக்கு ஓடியது. நான் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டேன்.

நேரம் போய்விட்டது, ஐயா மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த மாதம் இந்த மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் படம் போடப் போவதாகச் சொன்னார்கள். 'புதிய காற்று' பிரதி யாரிடமாவது இருந்தால் தேடிப் பாருங்கள். கிடைத்தால் எனக்கு முன் வரிசையில் ஒரு இடம் வையுங்கள், இப்போது தூரத்தில் இருந்தால் கை சரியாகத் தெரிவதில்லை.